உல்லாசப் பயணமும் கேலிச்சித்திரமும்

1841ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே இங்கிலாந்தில் இரண்டு நிகழ்ச்சிகள் பன்னிரண்டு நாள் இடைவெளியில் நடந்தேறின. அம்மாதம் 5ஆந் தேதி தோமஸ் குக் என்பார், மதுவிலக்குக் கூட்டமொன்றின் பொருட்டு, லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோவுக்கு ஏறக்குறைய 500 பேரைத் தலைக்கு ஒரு ஷிலிங் கட்டணத்தில் தனிப் புகையிரதத்தில் ஏற்றிச் சென்றார். 17ஆந் தேதி இலண்டனில் ‘பஞ்ச்’ என்னும் நகைச்சுவை வார இதழ் முதன்முதலாக வெளிவந்தது. ஒன்றையொன்று அறியாது பிறந்த இவ்விரண்டும் பின்னர் நெடுங்காலம் இணைபிரியாது வளர்ந்தன. ஒன்று சாதாரண மக்களைக் கூட்டங் கூட்டமாக வீட்டைவிட்டு வெளியே கொணர்ந்தது. மற்றையது, அங்ஙனம் வெளிவந்தோரைப் பார்த்து நகைப்பதற்கு வீட்டிலிருந்தோருக்குப் பழக்கிவைத்தது.

நெருக்கியடித்துக்கொண்டு உல்லாசப் பயணஞ் செல்லும் மக்களைப் பற்றி மேனாட்டுச் சஞ்சிகைகளில் வெளிவந்த கேலிச்சித்திரங்கள் எண்ணிறந்தன. அவற்றை அக்காலத்து உடைக்கும் வழக்கத்துக்கும் சான்றாகக் கொள்வோர் ஒரு சாரார். தீங்கற்ற வேடிக்கை எனக் கண்டு நகைத்து அடுத்த பக்கத்தைப் புரட்டுவோர் மற்றொரு சாரார். இருசாராரும் ஒரு வினாவைக் கேளாது விடுகின்றனர். ஓவியன் எங்கே நின்று இக்கூட்டத்தைப் பார்த்தான்? மேன்மாடத்திலா, வீதியோரத்திலா, அன்றிக் கூட்டத்தினுள்ளே தானும் ஒருவனாக நெருக்குண்டா? அவன் கண் இருந்த உயரமே அவன் நகையின் தன்மையையும் பெரும்பாலும் தீர்மானிக்கின்றது என்பது எமது கருத்து.

நகையைப் பற்றிய ஆராய்ச்சி நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினை வகுத்தார். அவற்றுள் எள்ளலுக்கு உரைவிரித்த பேராசிரியர், பிறரை எள்ளுகின்றவன் நகுவதும் உண்டு, பிறரால் எள்ளப்பட்டவன் தானே நகுவதும் உண்டு என அதனை இருகூறாக்கினார். எள்ளப்பட்டவனும் நகுவான் என்னும் அந்நுண்ணிய குறிப்பு, பல நூற்றாண்டுகளுக்குப் பின் பாரிசிலும் பெர்லினிலும் வரையப்பட்ட சித்திரங்களை அளப்பதற்கு ஏற்ற கோலாக நமக்கு உதவுகின்றது.

முதலிலே மேன்மாடத்தில் நின்றவரைக் காண்போம். ரிச்சட் டொயில் 1824இற் பிறந்தவர். இருபது வயது நிரம்புமுன்னரே, 1843இல், ‘பஞ்ச்’ இதழில் இடம் பெற்றவர். 1849 முதல் 1956 வரை அவ்விதழின் முகப்பாக விளங்கிய சித்திரம் அவர் கைவண்ணமே. 1849இல் அவர், ஆங்கில மக்களின் நடையுடை பாவனைகள் எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு தொடர் வரைந்தார். தலைப்பின் எழுத்துக்கூட்டல் வேண்டுமென்றே பழமைப்படுத்தப்பட்டிருந்தது. சித்திரத்துடன் சென்ற உரைநடையைப் பேர்சிவல் லீ என்பார், பதினேழாம் நூற்றாண்டினரான சாமுவேல் பெப்பிசின் நாட்குறிப்பு நடையில், ‘பிப்ஸ்’ என்னும் கற்பனைப் பாத்திரத்தின் நாட்குறிப்பாக எழுதிவந்தார். பெப்பிசின் நாட்குறிப்பு 1825இலேயே முதன்முதலாக அச்சேறியிருந்தது; ஆதலின் அப்போலியின் சுவை வாசகருக்கு எளிதிற் புலனாயிற்று.

எப்சம் வெளியில் நடைபெறும் டார்பிக் குதிரைப்பந்தயம், கிரீனிச் சந்தை, புகையிரத நிலையத்துச் சிற்றுண்டிச்சாலை என டொயில் எடுத்துக்கொண்ட பொருள்களுட் பல கூட்டத்தைப் பற்றியனவே. ஒரே பக்கத்தில் எண்ணற்கரிய சிற்றுருவங்கள். நிழலில்லை, கனமில்லை, எல்லாம் வெறுங் கோடுகளே. ஆயினும் ஒவ்வோர் உருவத்துக்கும் தனக்கேயுரிய ஏதேனும் ஒரு கோணல் உண்டு. எறும்புப் புற்றின்மீது குனிந்து நோக்கும் சிறுவனது ஓயாத வியப்பை அப்பக்கங்களிற் காண்கின்றோம். கூட்டம் என்பது ஒரே முகமுடைய பிண்டமன்று, அது பல்வேறு மாந்தரின் தொகுதியே என்பதை இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு மகிழ்ச்சியோடு காட்டியவர் வேறொருவரை நாம் அறியோம்.

எனினும், அப்பக்கங்களை நெடுநேரம் நோக்குவோருக்கு ஒரு குறை தோன்றாமற் போகாது. அங்கே எவருடைய காலை எவர் மிதித்தாலும் அது நோவதில்லை. குழந்தை தொலைந்தால் தாய் பதறுவதில்லை. வெயில் சுடுவதுமில்லை. மேலிருந்து நோக்கும் கண்ணுக்கு உருவந் தெரியும், வியர்வை தெரியாது. இக்குறையை டொயில் அறிந்திருந்தாரோ என்னவோ, 1861 முதல் ‘கோர்ன்ஹில்’ சஞ்சிகையில் அவர் வரைந்த மற்றொரு தொடருக்குச் ‘சமூகத்தின் பறவைப் பார்வைகள்’ எனத் தாமே பெயரிட்டார். அத்தொடரிலே நெருக்குண்டு நிற்போர் ஏழைகளல்லர். மாளிகை விருந்துகளுக்குச் செல்லும் செல்வர். ஆகவே டொயிலின் உயரம் ஏழைகள்மீது கொண்ட இகழ்ச்சியிற் பிறந்ததன்று. பிரபுவையும் பிச்சைக்காரனையும் அவர் ஒரே தொலைவில் நிறுத்தினார். தொல்காப்பியர் வகுப்பின்படி அது பேதைமை பற்றிய நகை. கண்டு மகிழத்தக்கது, ஆனால் அது எவரையும் காப்பதில்லை. அவர் வரைந்த கிரீனிச் சந்தை, ஒழுங்கீனத்தைப் பற்றிய முறைப்பாடுகளின் பின் 1857இல் நிறுத்தப்பட்டது. இலண்டன் தொழிலாளர் ஆண்டுதோறும் திரண்டு சென்ற அச்சந்தையின் சித்திரத்தைப் பார்த்து நகைத்த வாசகர், அது நிறுத்தப்பட்டபோது வருந்தியிருக்க வேண்டியதில்லை. சித்திரத்தில் அவர்கள் கண்டது ஒரு விநோதத்தையே. தம்மையொத்த மாந்தர் இழக்கக்கூடிய ஒன்றை அன்று.

ஜோன் லீச் வீதியளவுக்கு இறங்கிவந்தவர். 1851ஆம் ஆண்டு இலண்டன் ஹைட் பார்க்கிலே பளிங்கு மாளிகைப் பெருங்கண்காட்சி திறக்கப்பட்டபோது ஆள்வோர் உள்ளத்தில் உண்மையான அச்சம் ஒன்றிருந்தது. மூன்றாண்டுகளுக்கு முன், 1848 ஏப்ரில் 10ஆந் தேதி, வாக்குரிமை கோரிய சாசன இயக்கத்தினர் கென்னிங்டன் வெளியிற் கூடியபோது தலைநகரின் காவல் ஏற்பாடுகளை வகுத்தவர் முதிய வெலிங்டன் பிரபு. அத்தகைய கூட்டத்தை இப்போது அரசாங்கமே கட்டணங் குறைத்து அழைப்பதா? கண்காட்சியின் தொடக்கத்திலே ஒரு பவுண் எனவும் பின்னர் ஐந்து ஷிலிங் எனவும் இருந்த நுழைவுக் கட்டணம், மே 26 முதல் வாரத்தில் நான்கு நாட்களுக்கு ஒரு ஷிலிங்காகக் குறைக்கப்பட்டது. மக்கள் வெள்ளம்போல் வந்தனர். அக்டோபர் 7ஆந் தேதி ஒரே நாளில் 1,09,915 பேர் வந்தனர். திறந்திருந்த ஐந்தரை மாதங்களில் வந்தோர் தொகை அறுபது இலட்சத்தைக் கடந்தது. அஞ்சிய கலகம் எதுவும் நிகழவில்லை.

அக்கோடைகாலத்தில் லீச் வரைந்த ‘பவுணும் ஷிலிங்கும்’ என்னும் சித்திரத்திலே, வெலிங்டனின் சாயலுடைய முதியவர் ஒருவர் தம்மைச் சார்ந்த சீமாட்டிகளுடன் வந்து, மனைவி மக்களுடன் வந்த தொழிலாளி ஒருவனை நேருக்கு நேர் சந்திக்கின்றார். இருவரும் மற்றவரை இங்கே எதிர்பார்க்கவில்லை என்பதே அதன் நகை. 1848ஐ நினைவிற்கொண்டு நோக்கினால், இச்சிறு நகை எத்துணைப் பெரிய பெருமூச்சு என்பது விளங்கும். இருவர் முகங்களும் ஒரே மட்டத்தில் அமைந்திருப்பதே இச்சித்திரத்தின் சிறப்பு. ஆயினும் லீச் அச்சந்திப்பைக் கண்டு மகிழ்ந்த கனவானே. ஷிலிங்கைக் கையிற் பிடித்து வரிசையில் நின்றவரல்லர். (இதே கண்காட்சியைப் பற்றி ஹென்றி மேஹியூ எழுதி மாதந்தோறும் வெளிவந்த கதைக்கு ஜோர்ஜ் குரூக்ஷாங்க் வரைந்த சித்திரங்களும் உள. பூகோளத்தின் உச்சியில் மாளிகை நிற்க, உலகமனைத்தும் அதனை நோக்கி ஊர்ந்து செல்வதாக ஒன்று. இலண்டன் பிதுங்கி வழிய, மான்செஸ்டர் வெறிச்சோடிக் கிடப்பதாக மற்றிரண்டு. நகையின் அளவு பெரிது, ஆழம் அவ்வளவினதன்று.)

இங்கிலாந்தின் நகை பின்னர்க் கசப்புற்றது. குக் தம் பயணிகளை இத்தாலிவரை அழைத்துச் செல்லத் தொடங்கியபோது, அங்கே ஆங்கில அரசின் துணைத்தூதராயிருந்த நாவலாசிரியர் சார்ல்ஸ் லீவர், 1865இல் ‘பிளாக்வுட்’ சஞ்சிகையிற் புனைபெயரில் எழுதிய கட்டுரையொன்றில் அப்பயணிகளை மேய்ப்பனுக்குப் பின் செல்லும் மந்தையாக வருணித்தார். அவுஸ்திரேலியா ஏற்க மறுத்த குற்றவாளிகளை ஆங்கில அரசு இத்தாலிய நகரங்களில் ஒவ்வொருவராக விட்டுச் செல்கின்றது என்று தாம் இத்தாலியரிடம் கதைகட்டியதாகவும் எழுதினார். குக் இதனை வேடிக்கையாகக் கொள்ளாது அரசாங்கத்திடம் முறையிட்டார். முறையிட்டவரை நகைச்சுவை உணர்வில்லாதவர் எனக் குறைகூறுதல் எளிது. ஆனால் தம் வாழ்நாளில் ஒருமுறை உரோமாபுரியைக் காணப் பணஞ் சேர்த்த பள்ளியாசிரியரோ எழுதுவினைஞரோ அக்கட்டுரையைப் படித்திருந்தால் எங்ஙனம் நகைத்திருப்பர்? 1871இல் வங்கி விடுமுறைச் சட்டம் நிறைவேறியபின், விடுமுறை நாட்களிற் கடற்கரையை நிறைத்த இலண்டன் கீழ்த்தட்டு இளைஞனுக்குப் ‘பஞ்ச்’ ‘அரி’ என்று பெயர் சூட்டியது. ‘ஹரி’ என்பதன் முதலொலியை அவன் விழுங்கிவிடுவான்; அதுவே அவன் பெயர், அதுவே அவன்மீதுள்ள குற்றம். தொல்காப்பியரின் எள்ளல் இங்கே முழு வடிவம் பெறுகின்றது. எள்ளப்பட்டவன் நகைப்பதற்கு ஈண்டு இடமில்லை.

பிரான்சுக்கு வருவோம். ஒனோரே டோமியே, லூயி பிலிப் மன்னனைப் பெருந்தீனிக்கார அரக்கனாக வரைந்தமைக்காக 1832இற் சிறைசென்றவர். 1835 செப்டம்பரிற் கொணரப்பட்ட சட்டங்கள் அரசியற் கேலிச்சித்திரத்துக்கு வாய்ப்பூட்டு இட்டன. அதன்பின் அவர் ‘ஷரிவாரி’ இதழில் வரைந்தவை பெரும்பாலும் நகர மக்களின் அன்றாட வாழ்க்கையைப் பற்றியவையே. அங்கதத்தைச் செம்பொருள் எனவும் பழிகரப்பு எனவும் இருவகைப்படுத்துவது நம் மரபு. செம்பொருளின் கதவு அடைபட்டபோது டோமியே பழிகரப்பின் வாயிலாக நுழைந்தார் என்று கொள்வது மிகையாகாது.

1839இல் அவர் வரைந்த ‘ஒம்னிபஸ் வண்டியின் உள்ளே’ என்பதைக் காண்க. நீண்ட இருக்கையொன்றிலே, ஒருபுறம் குடிபோதையிற் சாய்ந்தவன், மறுபுறம் பருத்த இறைச்சி வணிகன். இடையே ஒரு பெண் நசுங்குண்டிருக்கின்றாள். பொருள் எளியது. ஆனால் இதனை வரைந்த கண் எங்கேயுள்ளது? எதிர் இருக்கையிலே! முழங்காலுடன் முழங்கால் முட்டும் தொலைவில் ஓவியர் அமர்ந்திருக்கின்றார். ஆகவே நாமும் அங்கேயே அமர்கின்றோம். நாம் நகைத்தால் அப்பெண் நிமிர்ந்து நம்மை நோக்கிவிடுவாள் என்னும் கூச்சம் தோன்றுகின்றது. கல்லூரி மாணவரை ஒரே பஸ் வண்டியில் திணித்துச் சுற்றுலா அழைத்துச் சென்ற ஆசிரியன் என்ற முறையில் இக்கூச்சத்தை யான் நன்கறிவேன். அங்கே ஆசிரியனது கண்ணியமும் பிறர் முழங்கையளவுக்குச் சுருங்கிவிடுகின்றது.

1843இல் டோமியே புகையிரதங்களைப் பற்றி ஒரு தொடர் வரைந்தார். அதில் ஒரு சித்திரத்தின் தலைப்பு பிரெஞ்சு மொழியிற் சொல்விளையாட்டாக அமைந்தது: பயணத்திற் பெறும் மனப்பதிவுகளையும் பயணத்தில் உடல்படும் நெருக்குதலையும் ஒலியொத்த இரு சொற்களால் இணைத்தது. கூரையற்ற திறந்த பெட்டியிலே பயணிகள் ஒருவர்மேல் ஒருவர் வாரியெறியப்படுகின்றனர். ஐயோ, தொலைந்தோம் எனக் கூக்குரல் எழுகின்றது. ஒன்றுமில்லை, வண்டி மீண்டும் புறப்படுகின்றது, அவ்வளவே என மறுமொழி கிடைக்கின்றது. இதனைத் தனியே நோக்குவோர், புதிய வாகனத்தைக் கண்டு மருளும் பாமரரின் பேதைமை என்பர். ஆனால் அதற்கு முந்திய ஆண்டிலே, 1842 மே 8ஆந் தேதி, வெர்சாய் அரண்மனைப் பூங்காவில் மன்னனின் பெயரால் நடைபெற்ற விழாவைக் கண்டு பாரிசுக்குத் திரும்பிய உல்லாசப் பயணிகளின் புகையிரதம் தடம்புரண்டு தீப்பற்றியது. பெட்டிகளின் கதவுகள் அக்கால வழக்கப்படி வெளியே பூட்டப்பட்டிருந்தன. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இங்கிலாந்திலும் 1841 டிசம்பரில் சொனிங் என்னுமிடத்தில், சரக்கு வண்டியொடு இணைக்கப்பட்ட திறந்த பெட்டிகளில் ஏற்றப்பட்ட தொழிலாளர் விபத்துக்கிரையாயினர். மூன்றாம் வகுப்புப் பயணிகளுக்குக் கூரையுள்ள பெட்டியும் மைலுக்கு ஒரு பென்னி கட்டணமும் சட்டப்படி கிடைத்தது 1844இலேயே. இவற்றை அறிந்தபின் அக்கூக்குரலை மீண்டும் கேளுங்கள். அது பேதைமையன்று, ஓராண்டுக்கு முந்திய நினைவு. அந்நினைவு வாசகருக்கும் இருந்தது. ஆகவே அவர் நகைத்தது பிறரைப் பார்த்தன்று. அடுத்த ஞாயிறு அதே வண்டியில் ஏறவிருந்த தம்மையே பார்த்து. பேராசிரியர் கூறிய இரண்டாம் வகை எள்ளல் இதுவே.

சித்திரத்தின் அடியிலுள்ள வாசகங்களைப் பெரும்பாலும் பிறரே எழுதினர். இதழின் நிறுவனர் பிலிப்போனே பலவற்றை எழுதினார். ஆகவே டோமியேயின் கருத்தை வாசகத்தில் தேடுவதிலும் கோட்டில் தேடுவதே பொருந்தும். மலிவுக் கட்டணத்திற் கடற்கரைக்கு மக்களை ஏற்றிச் சென்ற ‘இன்ப ரயில்’களைப் பற்றியும் அவர் வரைந்தார். அவற்றுட் சில விரைந்து செய்த வேலை. நான்காயிரத்துக்கு அண்மித்த கல்லச்சுச் சித்திரங்களை வரைந்தவரிடம் எல்லாம் மாணிக்கமாயிருக்க வேண்டுமென எதிர்பார்த்தல் தகாது. 1860இல் ‘ஷரிவாரி’ அவரை நீக்கியது. 1863 இறுதியில் மீண்டும் அழைத்தது. அவ்வறுபதுகளில் அவர் தீட்டிய ‘மூன்றாம் வகுப்புப் பெட்டி’யிலே பாலூட்டும் தாயும், மடியிற் கூடையுடன் கிழவியும், உறங்கும் சிறுவனும் எதிர் இருக்கையில் இருக்கின்றனர். 1839இல் ஒம்னிபஸ்ஸில் அமர்ந்த அதே இடத்திலேயே ஓவியர் இன்னும் அமர்ந்திருக்கின்றார். நகை மட்டும் இறங்கிச் சென்றுவிட்டது. இதனை ஓவியமாகப் போற்றுவோர் பலர், கேலிச்சித்திரங்களை அதற்குப் படிக்கட்டு எனக் கொள்வர். அதனை நாம் ஒப்புவதற்கில்லை. எதிர் இருக்கையிலே பல்லாண்டு அமர்ந்து நகைத்திராவிடில் அக்கிழவியின் முகத்தை அவர் கண்டிருக்கமாட்டார்.

இன்னும் ஒருவர் எஞ்சியுள்ளார். ஹைன்ரிக் சில்லே 1858இற் பிறந்து, பெர்லின் நகரில் வறுமையில் வளர்ந்தவர். ஓரறையில் ஒரு குடும்பம் அடைந்து வாழ்ந்த அந்நகரின் தொடர்மாடிக் குடியிருப்புக்களை உள்ளிருந்தே அறிந்தவர். ‘சிம்பிளிசிஸிமுஸ்’ முதலிய சஞ்சிகைகளில் அவர் சித்திரங்கள் வெளிவந்தன. 1907இல் அவர் நீண்டகாலம் பணிபுரிந்த நிழற்பட நிறுவனம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. அதே ஆண்டிற்றான், அதுவரை பகலிற் பொதுமக்கள் குளிப்பதற்குத் தடையிருந்த வான்சே ஏரிக்கரையின் ஒரு சிறு பகுதி நகர மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. சில்லே தம் கரித்துண்டுடன் அங்கே சென்றார்.

அவரது ஏரிக்கரைச் சித்திரங்களில் அழகிய உடல் ஒன்றேனும் இல்லை. பருத்த தாய்மார், தொந்தியுடையோர், கருவுற்ற பெண்கள், விலாவெலும்பு தெரியும் குழந்தைகள், யாவரும் ஆழங்குறைந்த நீரில் ஒருவரோடொருவர் உராய்ந்து நிற்கின்றனர். முதற் பார்வைக்கு இது ‘பஞ்ச்’ இதழின் கடற்கரைச் சித்திரங்களினும் கொடியதாகத் தோன்றலாம். ஆனால் இம்மக்கள் எங்கிருந்து வந்தனர் என்பதைச் சிந்திக்க வேண்டும். ஒளிபுகாத முற்றத்தைச் சூழ்ந்த ஓரறை வீட்டிலிருந்து வந்தவனுக்கு இவ்வேரிக்கரை நெரிசலன்று, விசாலம். கூட்டத்தைக் கண்டு முகஞ்சுளிப்பவன், தன் வீட்டிலே தனியறை உடையவன். இவ்வுண்மையைச் சில்லே எங்கும் உரைத்து விளக்கவில்லை. குழந்தைகளின் முகங்களில் வரைந்துவிட்டார். இளமை பற்றிய நகை இது.

வாசகங்களிலும் வேறுபாடு உண்டு. அரியின் கொச்சைமொழி ‘பஞ்ச்’ இதழில் அவனை நகைப்பதற்கு உதவியது. சில்லேயின் மாந்தரும் பெர்லின் கொச்சையையே பேசுகின்றனர். ஆனால் அங்கே நகைச்சுவையைச் சொல்பவர்களே அவர்கள்தாம். தம் வறுமையைப் பற்றியும் உடலைப் பற்றியும் தாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுகின்றனர். வெளியே நிற்பவனுக்கு அவன் சொல்ல எண்ணியது ஒன்றும் மிஞ்சுவதில்லை. 1924இல் பிரஷ்யக் கலைக் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1926இல் குளிப்பிடச் சித்திரங்கள் தனி நூலாயின.

இத்தோடு நிறுத்திவிட்டால், கூட்டத்தினுள்ளே நின்று வரைபவன் பிழைபடான் என்ற முடிவு தோன்றிவிடும். நடந்தது அதுவன்று. இருபதுகளிலே சில்லேயின் பெயரால் பெர்லினிற் பெரும் நடன விருந்துகள் நடைபெற்றன. செல்வர்கள் கிழிந்த ஆடையுடுத்து, சேரி மாந்தராக வேடம்பூண்டு, நுழைவுச் சீட்டு வாங்கி வந்து ஆடினர். உள்ளிருந்து வரைந்த சித்திரத்தை அவர்கள் வெளியிலிருந்து உடுத்திக்கொண்டனர். எதிர் இருக்கையில் அமர்ந்த ஓவியன் நமக்கும் அங்கே இடம் ஒதுக்கலாம்; நாம் அமர்வோமா என்பது அவன் கையில் இல்லை. மண்டபமும் நெரிசலாகவே இருந்திருக்கும். அதனை எவரும் குறைகூறவில்லை.